குமரி மாவட்டத்திலிருந்து வலைப்பூ நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கொல்லங்கோடு என மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் புதிதாக எழுத வருபவர்களும், சில ஆண்டுகள் எழுதியும் வாசகர் பெருகவில்லையே என்று சோர்ந்திருப்பவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், நான் அவர்களுக்குச் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எழுதப்போகும் இடத்துக்கு நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்யக்கூடிய தொலைவில் நாம் வாழ்கிறோம் என்பதே நமக்குள்ள பெரிய வசதி. பெரும்பாலான விடைகள் அதைச் சுற்றியே அமைந்திருக்கும்.

எல்லோரும் காணொளி பார்க்கும் காலத்தில் வலைப்பூவுக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அது பழைய இடம் அன்று. 2004இல், வலைப்பூப் பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் தமிழ்மணம் திரட்டி தொடங்கிய பிறகு வந்த சில ஆண்டுகளில், ஒருவர் பதிவிட்ட சற்று நேரத்தில் அது திரட்டியின் முகப்பில் தோன்றும்; அங்கிருந்தே வாசகர்கள் வருவார்கள்; பின்னூட்டங்களில் உரையாடல் வளரும். அந்த வாசகர்களில் பெரும்பாலோர் முகநூலுக்கும் யூடியூபுக்கும் சென்றுவிட்டார்கள். இன்று வலைப்பூவுக்கு வருபவர், ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டித் தேடுபொறியில் எழுதித் தேடி வருபவர், அல்லது உறவினர் வாட்ஸாப்பில் அனுப்பிய இணைப்பைத் தொட்டு வருபவர். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடிச் சுற்றும் சிவாலய ஓட்டம் போகிறவருக்கு, அக்கோயில்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பது உடனே தெரிய வேண்டும். அதற்காக அவர் நீண்ட காணொளியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். போன ஆண்டு யாரோ முகநூலில் எழுதியதை அவரால் தேடி எடுக்கவும் முடியாது. இத்தகைய தேவைகள் உள்ளவரை எழுத்துப் பக்கத்துக்கு வேலை உண்டு.

எதைப் பற்றி எழுதுவது? எல்லாவற்றையும் ஏற்கெனவே எழுதிவிட்டார்களே?

கன்னியாகுமரியில் காண வேண்டிய பத்து இடங்கள் என்ற பதிவை எழுதத்தான் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். திருவள்ளுவர் சிலை 133 அடி உயரம், 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது என்பதை எண்ணற்ற பக்கங்கள் சொல்கின்றன. அவற்றோடு போட்டியிட்டுத் தேடல் முடிவுகளின் முதல் பக்கத்துக்கு வர ஒரு தனிமனிதரால் எளிதில் இயலாது. ஆனால் அதே மாவட்டத்தில், எழுதப்படாதவை என்னும்படி கிடக்கும் செய்திகள் ஏராளம்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உயரமும் நீளமும் எங்கும் கிடைக்கும். பட்டணங்கால் கால்வாயின் தண்ணீரைப் பறளியாற்றுப் பள்ளத்துக்கு மேலே ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குக் கொண்டுசெல்வதற்காகக் கட்டப்பட்டது அது என்பதைச் சிலர் எழுதியிருப்பார்கள். அந்தத் தண்ணீர் இன்று எந்தெந்த ஊர் வரை போய்ச் சேருகிறது, எந்த மாதத்தில் தொட்டி வறண்டு கிடக்கும், கால்வாய்க் கரையில் எங்கே நடந்து செல்ல முடியும் என்பவற்றை, அங்கே போய் ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டு, கரையோர விவசாயிகளிடம் கேட்டு எழுதுபவர் யாரும் இல்லை. அந்த ஒரு காலைப்பொழுதுதான் உங்கள் பதிவை மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுத்தும்.

இன்னொரு எடுத்துக்காட்டு. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும் வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், பல வீடுகளில் உள்ள பழைய பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டு இட்டு எழுதப்பட்டவை. பாகப்பிரிவினைக்காக அதைக் கையில் எடுக்கும் பேரப்பிள்ளைக்கு அந்த ஆண்டு எதைக் குறிக்கிறது என்று தெரியாது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆகவே ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள நாட்களுக்கு 824ஐயும், ஜனவரி முதல் அடுத்த ஆவணிப் பிறப்பு வரை உள்ள நாட்களுக்கு 825ஐயும் கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். இதை ஒரு பத்திரத்தின் படத்தோடு, பெயர்களையும் புல எண்களையும் மறைத்து, படிப்படியாக விளக்கும் ஒரு பதிவு பல ஆண்டுகள் படிக்கப்படும். மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற செய்தியை நாளிதழ்கள் எழுதிவிட்டன. சந்தையில் வாங்கும்போது மட்டியை எப்படி இனங்காண்பது, எத்தனை நாள் தாங்கும், வெளியூருக்குக் கொடுத்தனுப்ப எந்தப் பதத்தில் குலையை வெட்ட வேண்டும் என்பதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

ஒரு துறையைப் பிடித்துக்கொள்வது நல்லது. கடலும் மீனும், ரப்பரும் மலையோர வேளாண்மையும், குளங்களும் கால்வாய்களும், கோயில்களும் தேவாலயங்களும் என்று எதுவானாலும் சரி. முதல் ஓராண்டு அதிலேயே நில்லுங்கள். தேடுபொறியும் வாசகரும் உங்களை அடையாளம் காண்பது அப்படித்தான்.

பிளாக்கரில் தொடங்குவதா, வேர்ட்பிரஸ் நிறுவுவதா?

எழுத்து நிலைக்குமா என்று தெரியாத நிலையில் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. வலைப்பூ எழுத இணையத்தில் இடம் தரும் பிளாக்கர் 1999இல் தொடங்கி 2003 முதல் கூகுளிடம் இருக்கிறது. இடத்துக்குக் கட்டணம் இல்லை. பழுது பார்க்கும் வேலையும் இல்லை. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளை நாமே நிறுவினால் தோற்றத்திலும் வசதியிலும் சுதந்திரம் மிகுதி, ஆனால் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கட்டணமும், கூடுதல் வசதி தரும் செருகுநிரல்களை இற்றைப்படுத்தும் பொறுப்பும், ஏதேனும் உடைந்தால் இரவில் உட்கார்ந்து சரிசெய்யும் வேலையும் நம் தலையில் விழும். என் கருத்து: பிளாக்கரில் தொடங்குங்கள், ஆனால் தொடக்கத்திலேயே சொந்த டொமைன் (இணையப் பெயர்) ஒன்றை வாங்கி அதோடு இணைத்துவிடுங்கள். பின்னாளில் வேறு தளத்துக்கு மாறினாலும் பெயர் உங்களோடு வரும். பழைய முகவரிகளை அப்படியே காப்பாற்றி மாறவும் வழி உண்டு.

டொமைன் வாங்கும்போது முதலாண்டு விலையைப் பார்க்காமல் இரண்டாம் ஆண்டுப் புதுப்பிப்பு விலையைப் பாருங்கள். சலுகை விலையில் தந்துவிட்டுப் புதுப்பிக்கும்போது பல மடங்கு கேட்பது அந்த வணிகத்தில் வழக்கம்.

பதிவின் முகவரி தமிழில் இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படும்) முகவரிக்குள் செல்லும்போது ஒன்பது எழுத்துகளாக விரிகிறது. ‘நாகர்கோவில்’ என்பது 11 குறிகளால் ஆன சொல். வாட்ஸாப்பில் ஒட்டும்போது அந்த ஒரு சொல்லே 99 எழுத்துகள் கொண்ட விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக மாறி நிற்கும். பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று எண்ணித் தொடாமல் விட்டுவிடுவார். வேர்ட்பிரஸ் இப்படி விரிந்த வடிவத்தில் 200 எழுத்துகளோடு நிறுத்திக்கொள்வதால் தலைப்பு பாதியில் அறுபடும். பிளாக்கரோ தமிழ்த் தலைப்பை முகவரியில் ஏற்பதே இல்லை. பொதுவான ஒரு சொல்லையும் எண்ணையும் இட்டு நிரப்பிவிடும்.

ஆகவே வெளியிடும் முன் முகவரியை நீங்களே ஆங்கில எழுத்தில், மூன்று நான்கு சொற்களில், ஊர்ப்பெயர் வருமாறு அமைத்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் அதுவரை பகிரப்பட்ட இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும். முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். பிளாக்கரில் வெளியிட்ட ஆண்டும் மாதமும் தாமாக வந்துவிடும். அதை மாற்ற இயலாது, அதனால் கெடுதலும் இல்லை.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை வெளியிடலாமா?

யூனிகோடுக்கு மாற்றாமல் வெளியிட வேண்டாம். விழா மலர்களும் ஊர்ச் சிறப்பிதழ்களும் பெரும்பாலும் அச்சகத்தில் பழைய எழுத்துருக்களில் தயாரானவை; அவற்றைப் படமாக இட்டால் தேடுபொறியால் படிக்க முடியாது, நேரடியாக ஒட்டினால் புரியாத குறிகளாக வரும். இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. மாற்றிய பின் ஒரு முறை முழுவதும் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது அங்கேதான்.

ஒரு பதிவை எப்படி அமைத்தால் தேடுபவர் கண்ணில் படும்?

சிவாலய ஓட்டத்தையே விரிவாகப் பார்ப்போம். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் அந்த ஓட்டத்தைப் பற்றி எழுதும் பலர், முதல் மூன்று பத்திகளில் பக்தியின் பெருமையையும் மாவட்டத்தின் இயற்கை அழகையும் விவரித்துவிட்டு, கோயில்களின் பெயர்களைக் கடைசியில் ஒரே மூச்சில் அடுக்கிவிடுகிறார்கள். தேடி வந்தவருக்கு வேண்டியது அந்தப் பெயர்கள்தான். ஆகவே அவற்றை முதலிலேயே வரிசையாகக் கொடுங்கள்: திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். அதன் பின் ஒவ்வொன்றுக்கும் இடையே உள்ள வழி, நிழல் இருக்கிறதா, குடிநீர் எங்கே கிடைக்கும், நடக்க இயலாதவர் வண்டியில் செல்ல எந்தச் சாலை ஏற்றது என்பவற்றைத் தனித்தனித் துணைத்தலைப்புகளில் எழுதுங்கள். ‘கோவிந்தா கோபாலா’ என்று முழங்கியபடி கையில் விசிறியோடு ஏன் ஓடுகிறார்கள் என்ற கதைக்கு அதற்குப் பின் இடம் உண்டு. அதை ஆற அமர எழுதலாம்.

எழுத்து வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டியது நம் மாவட்டத்தில் மிகவும் இன்றியமையாதது. திற்பரப்பு என்று எழுதுபவர் உண்டு, திருப்பரப்பு என்று தேடுபவர் உண்டு. நாகர்கோவில், நாகர்கோயில்; தொட்டிப்பாலம், தொட்டில் பாலம்; கன்னியாகுமரி, கன்யாகுமரி, குமரி என்று எல்லாமே புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றைத் தலைப்பில் வைத்து மற்றொன்றை உடற்பகுதியில் ஒருமுறை இயல்பாக வருமாறு அமைத்தால் போதும். எல்லா வடிவங்களையும் பதிவின் அடியில் கொட்டி வைப்பது படிப்பவருக்கும் எரிச்சல், தேடுபொறியும் அதை மோசடியாகவே கொள்ளும். இதுபோலவே நாம் சக்கை, மரச்சீனி, அக்கானி என்று எழுதும்போது, பலாப்பழம், மரவள்ளி, பதநீர் என்று பிற மாவட்டத்தார் அறிந்த பெயரையும் ஓரிடத்தில் சேர்த்துவிட வேண்டும். நம் சொல்லை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

தலைப்பு சொல்வதைப் பதிவு தர வேண்டும். அதிர்ச்சி, மர்மம், யாருக்கும் தெரியாத ரகசியம் என்றெல்லாம் தலைப்பிட்டு ஒருவரை ஒருமுறை வரவழைக்கலாம். அவர் மறுமுறை வர மாட்டார்.

கூகுளின் சர்ச் கன்சோல் அவசியமா?

மிகவும் அவசியம். கட்டணம் இல்லாத கருவி அது. உங்கள் பக்கங்கள் எந்தத் தேடல் சொற்களுக்குக் காட்டப்பட்டன, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றன என்பதைக் கடந்த 16 மாதங்களுக்குக் காட்டும். அதில் நிறைய முறை காட்டப்பட்டும் சிலரே தொட்ட சொற்களைத் தேடி எடுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை பற்றி நீங்கள் எழுதிய வரலாற்றுக் கட்டுரை, ‘அரண்மனை விடுமுறை நாள்’ என்ற தேடலுக்குக் காட்டப்பட்டுக்கொண்டே இருந்தால், வாசகர் எதைக் கேட்கிறார் என்பது விளங்கிவிடும். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிக்கும் அந்த அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அந்த ஒரு வரியைக் கட்டுரையின் தொடக்கத்தில் சேர்த்தால், திங்களன்று குடும்பத்தோடு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப இருந்த ஒருவருக்கு உதவியிருப்பீர்கள்.

நாள்தோறும் எண்ணிக்கையைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை போதும்.

வாரத்துக்கு எத்தனை பதிவு போட வேண்டும்?

எண்ணிக்கைக்கு விதி இல்லை. மாதத்துக்கு இரண்டு நல்ல பதிவுகள் எழுதி, பழைய பதிவுகளில் ஒன்றைத் திருத்தியும் வைத்தால் அது நல்ல வேகம்.

பழைய பதிவுகளைத் திருத்துவதற்கு இவ்வளவு அழுத்தம் தருவது ஏன்?

புதிய பதிவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதியைப் பழையதற்குச் செலவிட்டாலே பயன் கூடுதல் என்பதால். பயணம், கட்டணம், நேரம், பேருந்து வழித்தடம் பற்றிய பதிவுகள் ஓராண்டில் பழசாகிவிடும். 2024 டிசம்பர் இறுதியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பிறகும், இரண்டுக்கும் படகில்தான் மாறிச் செல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் பக்கங்கள் பழைய பக்கங்களே. திருத்திய தேதியைப் பதிவின் தொடக்கத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தேதியை மட்டும் மாற்றி உள்ளே எதையும் தொடாமல் விடுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

ஆண்டுதோறும் திரும்ப வரும் நிகழ்வுகளுக்கு ஆண்டுக்கொரு புதிய பதிவு எழுதாதீர்கள். மண்டைக்காட்டு மாசிக் கொடை, டிசம்பர் 3இல் நிறைவுறும் கோட்டாறு சவேரியார் திருவிழா, ஐயப்ப பக்தர்கள் குமரிமுனைக்கு வரும் கார்த்திகை மார்கழி மாதங்கள், ஓணத்துக்கு முந்தைய நாட்களில் தோவாளைப் பூச்சந்தை ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாக ஒரே பக்கத்தை வைத்து, நிகழ்வுக்கு ஒரு மாதம் முன்பே தேதிகளையும் ஏற்பாடுகளையும் புதுப்பித்துவிடுங்கள். ஐந்து ஆண்டுகளின் இணைப்புகளும் மதிப்பும் ஒரே பக்கத்தில் சேரும். தோவாளைக்கு ஒரு சொல்: விடிகாலையில் அங்கே போய் நின்று, பிச்சிக்கும் மல்லிகைக்கும் அரளிக்கும் சம்பங்கிக்கும் அன்றைய விலையைக் கேட்டு எழுதி, அது முகூர்த்த நாளா, முந்தின நாள் மழை பெய்ததா என்பதையும் பக்கத்தில் குறித்து வைத்தால், ஒரு சில பருவங்களில் வேறு எவரிடமும் இல்லாத ஒரு பதிவேடு உங்களிடம் உருவாகிவிடும்.

சுற்றுலா இடங்களைப் பற்றி எழுதும்போது எதில் கவனம் வேண்டும்?

உயிர்ப் பாதுகாப்பில். இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். 2024 மே மாதத்தில், கடல் சீற்ற எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். கடற்கரையின் அழகை மட்டும் எழுதி, அலையின் இயல்பை எழுதாமல் விடும் பதிவுகள் வெளியூரிலிருந்து வரும் இளைஞர்களைத் தவறாக வழிநடத்தக்கூடும். காற்றும் மழையும் இல்லாத நாளில்கூடத் தொலைவிலிருந்து வரும் பேரலை கரையேறும் என்பதை நம் கடலோர மக்கள் கள்ளக்கடல் என்ற பெயரில் அறிந்திருக்கிறார்கள். வெளியூராருக்கு அது தெரியாது. எந்த இடத்தில் இறங்கக் கூடாது என்று அந்தக் கரையின் மீனவரிடம் கேட்டு எழுதுங்கள். திற்பரப்பு அருவியில் கோதையாற்றில் வெள்ளம் வரும்போதும் பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரி நீர் திறக்கும்போதும் குளிக்கத் தடை விதிப்பார்கள் என்பதையும் பதிவின் அடியில் ஒளித்து வைக்காமல் மேலே எழுதுங்கள்.

புயல், விபத்து போன்ற செய்திகளை உடனுக்குடன் எழுதலாமா?

உங்கள் ஊரில் நீங்கள் கண்ணால் கண்டதை எழுதலாம். வாட்ஸாப்பில் வந்ததை எழுதக் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கடந்தபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்கள் பலர் திரும்பவில்லை. அத்தகைய நாட்களில் உறுதிசெய்யப்படாத ஒரு பெயர்ப் பட்டியல் கரையில் காத்திருக்கும் குடும்பத்துக்கு எத்தகைய வேதனையைத் தரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வலைப்பூவின் பணி வேறு. செய்தியாளர்கள் சென்றுவிட்ட பிறகு, ஆறு மாதம் கழித்தும் ஐந்து ஆண்டுகள் கழித்தும் அந்த ஊர்களுக்குச் சென்று, நிவாரணம் வந்ததா, தொழில் மீண்டதா, தகவல் தொடர்புக் கருவிகள் படகுகளில் இப்போது இருக்கின்றனவா என்று பொறுமையாக எழுதுவது நம்மால் முடியும்.

படங்களைப் பற்றி?

கைப்பேசிப் படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். பல மெகாபைட் கொண்ட படம் மலையோர ஊர்களில், சிக்னல் குறைந்த இடங்களில் திறக்கவே திறக்காது. அகலத்தை 1200 பிக்சல் அளவுக்குக் குறைத்து, இருநூறு கிலோபைட்டுக்குள் அடக்கி, படத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் ஒரு வரியாக மாற்று உரை (alt text) என்ற இடத்தில் எழுதுங்கள். பார்வையற்ற வாசகர்கள் திரைவாசிப்பான் மூலம் படிக்கிறார்கள். கோயில்களிலும் அரண்மனையிலும் படமெடுக்கும் முன் அனுமதியையும் கட்டணத்தையும் கேட்டறியுங்கள். ட்ரோன் பறக்கவிடுவதாக இருந்தால் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் தடைப் பகுதிகளைப் பார்த்தாக வேண்டும். மனிதர்களை, குறிப்பாகக் குழந்தைகளை, கேளாமல் படமெடுத்து வெளியிடக் கூடாது.

வாசகரைக் கூட்டுவதற்கு நேர்மையான வழிகள் எவை?

முதலில், பதிவில் யாரைச் சந்தித்து எழுதினீர்களோ அவர்களுக்கு அனுப்புங்கள். ஓர் ஊர்க்குளத்தைப் பற்றிய நல்ல கட்டுரை அந்த ஊரின் வாட்ஸாப் குழுவுக்குப் போனால், அங்கிருந்து வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் வரை அன்று இரவே சென்றுவிடும். மண்ணை விட்டு வெளியே இருப்பவர்கள்தான் நமக்கு மிக ஆர்வமுள்ள வாசகர்கள். நாம் தவறாக எழுதிய விவரத்தைத் திருத்தி எழுதுபவர்களும் அவர்களே. ஆனால் எல்லாக் குழுக்களிலும் எல்லாப் பதிவையும் ஒட்டுபவரை விரைவில் வெளியேற்றிவிடுவார்கள். தொடர்ந்து படிக்க விரும்புவோருக்கு ஒரு வாட்ஸாப் சேனல் தொடங்கி, விருப்பமுள்ளவர் தாமே சேரும்படி விடுங்கள். அங்கே பின்தொடர்பவரின் எண் பிறருக்குத் தெரியாது.

மற்றப் பதிவர்களின் நல்ல கட்டுரைகளுக்கு இணைப்புக் கொடுங்கள். பணம் கொடுத்து இணைப்பு வாங்குவதைத் தேடுபொறி கண்டுபிடித்தால் தளமே பின்னுக்குப் போகும். விக்கிப்பீடியாவில் உங்கள் வலைப்பூவின் முகவரியை நீங்களே செருகுவதும் நல்ல பழக்கமன்று. அங்கே கட்டுரையைத் திருத்துங்கள், படம் கொடுங்கள். அது வேறொரு நற்பணி.

பின்னூட்டங்களைத் திறந்து வைக்கலாமா?

திறந்து வையுங்கள், ஆனால் நீங்கள் படித்து ஒப்புதல் தந்த பிறகே வெளியாகுமாறு அமையுங்கள். சின்ன மாவட்டம் இது. பெயரைச் சொன்னால் ஊரும், ஊரைச் சொன்னால் குடும்பமும் தெரிந்துவிடும். சாதி, சமயம், சபை, ஊர்ப்பகை ஆகியவற்றைக் கிளறும் வரிகளை விவாத சுதந்திரம் என்று எண்ணி அனுமதிக்காதீர்கள். தனிமனிதர் மீதான குற்றச்சாட்டு பின்னூட்டமாக வந்தாலும் அவதூறு வழக்கில் பதிவரையும் இழுக்கக்கூடும். உண்மைப் பிழையைச் சுட்டுபவருக்கு நன்றி சொல்லி, பதிவையும் திருத்தி, அவர் சொன்னதால் திருத்தப்பட்டது என்பதையும் குறிப்பிடுங்கள்.

வருமானம் கிடைக்குமா?

விளம்பரத்தால் பெரிதாகக் கிடைக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரி முதல் தமிழ்ப் பக்கங்களை ஏற்கிறது. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க அஞ்சலில் ஓர் எண் வரும். 100 டாலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும். தமிழ்ப் பக்கங்களில் ஒரு தொடுகைக்குக் கிடைக்கும் தொகை குறைவு என்பதால், சிறிய வலைப்பூவுக்கு அந்த நூறு சேர நெடுநாள் ஆகும். பக்கமெங்கும் விளம்பரம் நிரப்பி அதை விரைவுபடுத்த முயன்றால் வாசகர் ஓடிவிடுவார்கள்.

வலைப்பூவால் மறைமுகமாகக் கிடைப்பதுதான் உறுதியானது. தேனோ கருப்பட்டியோ கிராம்போ சொந்தமாக விளைவித்து விற்பவர், அதன் உற்பத்தியைப் பற்றி நாணயமாக எழுதினால் நேரடி வாடிக்கையாளர் கிடைப்பார். எழுத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பு, ஆவணப்பணி, வழிகாட்டி வேலை ஆகியவை தேடி வருவதும் உண்டு. விடுதியோ உணவகமோ பணமாகவோ இலவசத் தங்கலாகவோ ஏதேனும் தந்து எழுதச் சொன்னால், பதிவின் தொடக்கத்திலேயே விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. அத்தகைய இணைப்புகளுக்கு, விளம்பரத் தொடர்புடையவை என்று தேடுபொறிக்கு உணர்த்தும் குறியையும் இட வேண்டும்.

என் பதிவை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது? நான் பிறருடையதை எந்த அளவு எடுக்கலாம்?

எழுதியவுடனே உரிமை உங்களுடையது. அதை அரசிடம் பதிவு செய்யத் தேவையில்லை. முதலில் அவர்களுக்குக் கண்ணியமாக எழுதுங்கள், பலர் நீக்கிவிடுவார்கள். நீக்காவிட்டால் அந்தப் பக்கத்தின் திரைப்படங்களை (screenshot) எடுத்துவைத்துக்கொண்டு, கூகுளின் பதிப்புரிமைப் படிவத்தில் இரு முகவரிகளையும் கொடுத்து முறையிடுங்கள். நம் பக்கத்துப் பொறுப்பும் அதே அளவுதான். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1954இல் மறைந்ததால் 2014ஆம் ஆண்டு முடிவோடு அவர் பாடல்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. அவற்றை முழுமையாக வெளியிடலாம். இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் கவிதையை அவர் அனுமதியின்றி முழுமையாக இட இயலாது.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பதிவு எழுதலாமா?

எழுத்துப்பிழை பார்க்க, தலைப்புக்கு யோசனை கேட்க, நீண்ட உரையாடலின் ஒலிப்பதிவை எழுத்தாக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் உள்ளூர்ச் செய்தியை அதனிடம் கேட்டு வாங்கி வெளியிட்டால், இல்லாத கோயிலும் தவறான ஆண்டும் உங்கள் பெயரில் பரவும். எந்தப் பயனும் சேர்க்காமல் திரளாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களைக் கூகுள் 2024 மார்ச் முதல் வெளிப்படையாகவே எரிதப் (ஸ்பேம்) பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இவ்வளவு எழுதிய பிறகு எல்லாம் அழிந்துபோகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளாக்கரின் அமைப்புகளில் உள்ள காப்புப்பிரதி வசதியைக் கொண்டு எல்லாப் பதிவுகளையும் இறக்கிக் கணினியிலும் வெளி வன்தட்டிலும் வையுங்கள். அந்தக் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும் மட்டுமே இருக்கும், படங்கள் இருக்கமாட்டா. வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பும் அப்படியே. மூலப் படங்களை ஆண்டு வாரியாகத் தனியே சேமித்துக்கொள்ள வேண்டும். கணக்குக்கு, கடவுச்சொல்லோடு கைப்பேசி வழியாகவும் உறுதிசெய்யும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அதன் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசி கடலில் விழுந்தால் அந்தத் தாள்தான் துணை.

இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. எழுதுவதை நிறுத்தியவர்களும், மறைந்துவிட்ட பதிவர்களின் குடும்பத்தாரும் இதை அறிந்திருக்க வேண்டும். கூகுள் கணக்கின் அமைப்புகளில், கணக்கு இத்தனை மாதம் இயங்காவிட்டால் யாருக்குத் தகவலும் தரவும் போக வேண்டும் என்று குறிப்பிடும் வசதி உண்டு. அதில் நம்பகமான ஒருவரின் மின்னஞ்சலைச் சேருங்கள். டொமைன் எந்த நிறுவனத்தில், எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதையும் அவருக்குத் தெரிவித்துவிடுங்கள். காலாவதியான பெயரை வேறொருவர் வாங்கிச் சூதாட்ட விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அடிக்கடி நடக்கிறது.